இரண்டு பதவியில் இருப்பவர் எப்போது எழுந்து வெளியே போக வேண்டும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்திலிருந்து ஒருவர் நகரமன்றத் தேர்தலில் ஜெயித்துவிட்டால், அடுத்த வாரமே அவருக்கு இரண்டாவது நாற்காலி தேடத் தொடங்கிவிடுவோம். விழாக் குழு, தமிழ் வகுப்பு நடத்தும் சங்கம், வீட்டுவசதி நிறுவனத்தின் நிர்வாகக் குழு என்று எதிலாவது உட்காரவைத்துவிட வேண்டும். “நம் ஆள் அங்கேயும் இருக்கிறார், இங்கேயும் இருக்கிறார், இனி காரியம் தானாக நடக்கும்” என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கினால் நல்ல மனிதர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

காரைக்காலில் பிறந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்பதால் இங்கே வந்து, தீவின் கிழக்குப் பகுதியில் ஒரு மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், மன்றக் கூட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அஜெண்டா தயாரிப்பது, அழைப்பு அனுப்புவது, தீர்மான வரைவு எழுதுவது, கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்று எண்ணுவது, கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களை அரசின் பிரதிநிதியான பிரீஃபெக்ட் அலுவலகத்துக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பிரிவின் பொறுப்பு. மேடையில் இருப்பவர்கள் பேசுவார்கள். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருப்போம்.

எந்தப் பதவியோடு எந்தப் பதவி கூடவே கூடாது என்பதில் பெரிய சிரமம் இல்லை. சட்டமே பட்டியல் போட்டுவிட்டது. ஒரு காலத்தில் பிரான்சில் இதற்கு அளவே இல்லாமல் இருந்தது. மிஷேல் தெப்ரே ரெயூனியனின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, இங்கிருந்து 9000 கிலோமீட்டருக்கும் அப்பால் லுவார் நதிக்கரையில் உள்ள ஆம்புவாஸ் ஊருக்கு மேயராகவும் இருந்தார். நம் வம்சாவளியைச் சேர்ந்த ழான் போல் வீராபுள்ளே சேன் ஆந்திரே மேயராகவும் செனட்டராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். அன்று அது சட்டப்படி சரி. மக்களும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தார்கள். 2014 பிப்ரவரியில் வந்த சட்டம் அதை நிறுத்தியது. 2017 தேர்தல்களிலிருந்து பாராளுமன்ற உறுப்பினரோ செனட்டரோ மேயராக, துணை மேயராக, மாகாண அல்லது பிராந்திய மன்றத் தலைவராக இருக்க முடியாது. சாதாரண மன்ற உறுப்பினராக மட்டும் தொடரலாம். நகராட்சியில் சம்பளம் வாங்கும் ஊழியர் அதே நகராட்சியின் மன்றத்துக்குப் போட்டியிட முடியாது. பக்கத்து ஊரில் போட்டியிடலாம். பல பதவிகளுக்கான படிகள் எல்லாம் சேர்ந்து, பாராளுமன்ற உறுப்பினரின் அடிப்படை ஊதியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. புத்தகத்தைத் திறந்தால் விடை கிடைத்துவிடும் சங்கதிகள் இவை.

சட்டம் அனுமதிக்கிற இரண்டு பதவிகளில்தான் ஆபத்து இருக்கிறது. மேயர் என்றாலே நகராட்சி சமூக நல மையத்துக்கும் சட்டப்படி அவர்தான் தலைவர். நகரமன்ற உறுப்பினரே பல ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பிலும் உட்காருவார்; இந்தத் தீவின் 24 ஊர்களும் இப்படி ஐந்து கூட்டமைப்புகளில் அடங்கியவை. வீட்டுவசதி நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் நகராட்சியின் பிரதிநிதியும் அவராகவே இருப்பார். இதில் எதுவும் தவறு இல்லை. ஆனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பணம் கேட்டுவிட்டு, இன்னொரு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து அதே பணத்தைக் கொடுக்கும் நாள் ஒன்று வந்தே தீரும்.

2013 அக்டோபரில் வந்த சட்டம் இந்த இடத்தில் கைவைத்தது. வரவு செலவுத் துறை அமைச்சராக இருந்த ஜெரோம் கயூசாக்கின் வெளிநாட்டு வங்கிக் கணக்கு வெளியே வந்து அவர் பதவி விலகிய ஆண்டு அது. பொதுவாழ்வின் வெளிப்படைத்தன்மைக்கான உயர் ஆணையம் அந்தச் சட்டத்தால்தான் பிறந்தது. நலமுரண் என்பதற்கு அது கொடுத்த வரையறையில், பொது நலனும் தனிப்பட்ட நலனும் மோதுவதோடு, ஒரு பொது நலனும் இன்னொரு பொது நலனும் மோதுவதும் அடங்கியிருந்தது. பாரபட்சம் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. நடந்ததாகத் தோன்றினாலே போதும். இந்த வரையறை மிக அகலமானது, சுருக்க வேண்டும் என்று செனட்டில் பேசியிருக்கிறார்கள். எனக்கும் அது சில இடங்களில் அதிகப்படியாகத்தான் தோன்றியது. ஆனாலும் கூட்டம் நடக்கிற அன்று எந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறதோ அதன்படிதான் நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும்.

எங்கள் மேரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பண்பாட்டுத் துறையைக் கவனித்த துணை மேயர், நகராட்சியே உருவாக்கிய விழாச் சங்கத்துக்கும் தலைவர். தீபாவளி விளக்கு அலங்காரம், நடனக் குழுவை வரவழைப்பது எல்லாம் அந்தச் சங்கத்தின் வேலை. சங்கத்தின் பணம் ஏறக்குறைய முழுவதும் நகராட்சி மானியம். அவர் அதில் ஒரு சென்ட் கூட வாங்கியவர் அல்லர். சொந்தக் காரில் சொந்தப் பெட்ரோலில் அலைந்தவர். புதுச்சேரிக் குடும்பம் என்பதால் என்னோடு தமிழில்தான் பேசுவார். மானியத் தீர்மானம் வந்தபோது அவர் பேசவில்லை, கை தூக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். தீர்மானம் நிறைவேறியது.

சில வாரங்கள் கழித்துப் பிரீஃபெக்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு விஷயத்தில் நலன் உள்ள உறுப்பினர் பங்கேற்று எடுத்த தீர்மானம் சட்டவிரோதம். திரும்பப் பெற்று மறுபடி நிறைவேற்றுங்கள் என்றது கடிதம். அவர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, நான் ஓட்டே போடவில்லையே?”

“போடவில்லை தம்பி. ஆனால் உட்கார்ந்திருந்தீர்களே.”

“உட்கார்ந்திருந்தால் என்ன? வாயைத் திறந்தேனா?”

“நீங்கள் அங்கே இருக்கும்போது உங்கள் கட்சிக்காரர் யார் எதிர்த்துப் பேசுவார், சொல்லுங்கள்?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. “பத்துக் காசு வாங்காதவனுக்கு இந்தப் பேச்சா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் ஊரே கேட்கும். காசு வாங்காதவருக்கு நலன் ஏது என்பது நம் எல்லோர் மனத்திலும் ஊறிய நியாயம். பிரெஞ்சு நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை. 2008 அக்டோபரில் பாரிசின் தெற்குப் புறநகரான பாஞ்யோவின் மேயர் முதலானோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அவர்கள் தலைமை தாங்கிய சங்கங்களுக்கு மானியம் தரும் வாக்கெடுப்பில் கலந்துகொண்டார்கள். ஒருவருக்கும் லாபம் இல்லை. சங்கங்களின் வேலையும் ஊருக்கு நல்லதுதான். ஆனாலும் குற்றம் குற்றமே என்று தீர்ப்பு வந்தது. தண்டனைச் சட்டத்தின் 432-12ஆம் பிரிவில் இந்தக் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 5,00,000 யூரோ வரை அபராதமும் போட இடமிருக்கிறது. நகரமன்ற உறுப்பினர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் சிறைத்தண்டனையைக் கேட்டு யாரும் அசையமாட்டார்கள். அபராதத் தொகையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் விஷயம் நீதிமன்றம் வரை போகவில்லை. ஆனால் தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. 3,500 பேருக்கு மேல் உள்ள ஊரில் கூட்ட அழைப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே 5 முழு நாட்கள் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு மேயரின் தேதி கிடைக்க வேண்டும். அதுவரை சங்கத்துக்குப் பணம் போகாது. அலங்காரக்காரருக்கு முன்பணம் கிடையாது. விழா நெருங்க நெருங்க எல்லோரும் திட்டியது எங்கள் பிரிவைத்தான்.

மறு கூட்டத்தில் அவர் எழுந்து வெளியே போனார். எங்கள் மன்ற அறைக்குக் கண்ணாடிக் கதவு. மனிதர் தாழ்வாரத்தில், கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, உள்ளே பேசுபவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்! எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கையை நீட்டிக் காட்டினார், கூட்டம் சிரித்தது. நான் வாயிலில் இருந்த உதவியாளரை அனுப்பி அவரைக் காப்பி இயந்திரம் இருந்த பக்கம் அழைத்துப்போகச் சொன்னேன். அன்று எழுதிய குறிப்பில், இன்னார் 18 மணி 42 நிமிடத்துக்கு அறையை விட்டு வெளியேறினார், விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை, 18 மணி 55 நிமிடத்துக்குத் திரும்பினார் என்று இருக்கும். ‘வாக்களிக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. வெளியேறியது, விவாதத்தில் இல்லாதது, வாக்கில் இல்லாதது ஆகிய மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். ஆண்டுகள் கழித்துக் கேள்வி வந்தால் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.

வெளியே போகச் சொன்னால் அவமானப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொன்ன உதாரணம் மேயர். ஆண்டுதோறும் நிர்வாகக் கணக்கை நிறைவேற்றும்போது விவாதத்துக்கு மேயர் இருக்கலாம், வாக்கெடுப்புக்கு முன் எழுந்து போயே ஆக வேண்டும். அந்த நேரத்துக்கு மன்றம் வேறொருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும். இதை எந்த மேயரும் மானக்கேடாக நினைத்ததில்லை. அவர் போகலாம் என்றால் மற்றவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஓர் அட்டவணை போட்டோம். நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். இடப்பக்கம் உறுப்பினர் பெயர். பக்கத்தில் அவர் இருக்கும் எல்லா அமைப்புகளும்: கூட்டமைப்பு, நிறுவனம், சங்கம், வேலை பார்க்கும் அரசு அலுவலகம். அதற்கும் பக்கத்தில் கணவன் அல்லது மனைவி எங்கே வேலை பார்க்கிறார் என்பது. உயர் ஆணையத்திடம் நலன் அறிக்கை தாக்கல் செய்யும் கடமை 20,000 பேருக்கு மேல் உள்ள ஊரின் மேயருக்கு உண்டு. எங்கள் அளவிலான ஊரின் துணை மேயருக்குக் கிடையாது. ஆகவே சட்டம் கேட்காததை நாங்கள் கேட்டோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். “என் மனைவி எங்கே வேலை பார்த்தால் உங்களுக்கென்ன?” என்றார் ஒருவர். மனைவி வேலை பார்த்த சங்கத்தின் மானியம் அடுத்த அஜெண்டாவிலேயே வந்தது. பிறகு தாளை அவரே நிரப்பிக் கொண்டுவந்தார்.

அட்டவணை இருந்தால் போதாது, அதை அஜெண்டாவோடு ஒப்பிடும் நாள் முக்கியம். கூட்டத்தன்று ஒப்பிட்டுப் பயனில்லை. அழைப்பு அனுப்பும் முன்பே, எந்தத் தீர்மானத்துக்கு யார் வெளியேற வேண்டும் என்று எழுதி மேயரிடம் கொடுத்துவிடுவோம். முந்தைய கட்டமும் இருக்கிறது: துணைக் குழுக் கூட்டத்தில் அந்த மானியத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மன்றத்தில் மட்டும் வெளியேறினால் என்ன பயன்? கோப்பைத் தயாரித்தவர், கையெழுத்திட்டவர், ஊழியர்களுக்கு உத்தரவு போட்டவர் எல்லாம் பங்கேற்றவர்தான். மேயரே இப்படி விலக வேண்டியிருந்தால் அதற்கு எழுத்தில் ஆணை போட்டு, அந்த விஷயத்தை யார் கவனிப்பார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். அப்படிப் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு மேயர் எந்தக் கட்டளையும் இடக் கூடாது. போனில்கூட.

கோரம்தான் எங்களுக்குத் தலைவலி. 39 உறுப்பினர் உள்ள மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர் நேரில் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு மாலை 22 பேர் வந்திருக்கிறார்கள். வீட்டுவசதி நிறுவனத்துக்குக் கடன் உத்தரவாதம் தரும் தீர்மானம்; அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் நகராட்சியின் பிரதிநிதிகளாக மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே போனால் மிச்சம் 19. கோரம் போயிற்று. 2022 பிப்ரவரிச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சட்டத்தின்படி நகராட்சி நியமித்த பிரதிநிதி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நலன் உள்ளவராகக் கருதக் கூடாது என்றது. ஒப்பந்தம், கடன் உத்தரவாதம், நிதி உதவி போன்ற சிலவற்றில் மட்டும் அவர் விலக வேண்டும். அப்படி விலகுபவரைக் கோரம் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அப்போது 39 என்பது 36 ஆகிறது, பாதிக்கு மேல் 19 போதும், தீர்மானம் செல்லும். ஊர்க் கூட்டமைப்பிலும் சமூக நல மையத்திலும் உட்காருபவர்களுக்கு அந்த விலகலும் தேவையில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் துணை மேயர் மகிழ்ச்சியோடு வந்தார், “அப்படியென்றால் நானும் இனி உட்காரலாம்தானே அக்கா?” என்று. முடியாது. அவருடைய விழாச் சங்கத்துக்குப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2022 சட்டம் தந்த பாதுகாப்பு சட்டப்படியான நியமனத்துக்குத்தான். நம் சமூகத்துச் சங்கங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது பிரதிநிதிக் கடிதத்தை. கூட்டத்துக்கு வர முடியாதவர் இன்னொரு உறுப்பினருக்குத் தன் ஓட்டை எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் ஒரு கடிதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. நலன் உள்ளவர் ஊரில் இல்லை, கடிதம் கொடுத்திருக்கிறார் என்றால் அந்தத் தீர்மானத்துக்கு அந்தக் கடிதத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதேபோல நலன் உள்ளவர் கையில் வேறொருவரின் கடிதம் இருந்தால் அவர் வெளியேறும்போது அந்த ஓட்டும் வெளியேறிவிடும். “என் சார்பில் போடவில்லை, அவர் சார்பில் போட்டேன்” என்பது நடக்காது.

இனி நம்மவர்களைப் பற்றி. பதவியில் இருப்பவரை விடச் சுற்றி இருப்பவர்கள்தான் வரம்பு மீறச் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பிடித்துக்கொண்டு, “மானியம் என்ன ஆயிற்று? நீங்கள் உள்ளே இருந்தும் இப்படியா?” என்று கேட்பார்கள். வெளியேறினார் என்று தெரிந்தால், “நம் விஷயம் வரும்போது எழுந்து போய்விட்டார்” என்று ஊரெல்லாம் பேசுவார்கள். இதற்கு ஒரே வழி, முன்கூட்டியே சங்கத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுவது: நான் தலைவராக இருக்கும்வரை உங்கள் மானிய விஷயத்தில் மன்றத்தில் எனக்கு வாய் கிடையாது. அதைக் கேட்டும் அவரைத் தலைவராக வைத்திருப்பதா என்று சங்கமே முடிவு செய்யட்டும். எங்கள் துணை மேயர் கடைசியில் அந்தப் பதவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். சங்கம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

கோயில் என்றால் இன்னொரு சுவரும் இருக்கிறது. அரசையும் மதத்தையும் பிரிக்கும் 1905ஆம் ஆண்டுச் சட்டம் 1911 முதல் இந்தத் தீவுக்கும் பொருந்துகிறது. வழிபாட்டுக்கு நகராட்சிப் பணம் கிடையாது. பண்பாட்டுச் சங்கத்தையும் கோயில் சங்கத்தையும் ஒரே ஆள் நடத்தி, ஒரே பெட்டியில் பணத்தைப் போட்டுவைத்தால் அவருக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்து வரும். அதை விரித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

இதுவரை சொன்னது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பற்றி. ஊழியர்களுக்கு விதி வேறு. அரசு ஊழியர் தன் உழைப்பை முழுவதும் தன் பதவிக்கே தர வேண்டும். துணை வேலையாகச் சிலவற்றைச் செய்யலாம், பாடம் நடத்துவது அதில் ஒன்று. ஆனால் முன் அனுமதி வேண்டும். எங்கள் பிரிவில் ஓர் இளம்பெண் பக்கத்து ஊர் நகராட்சி நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பில் மணிக்கூலிக்குக் கற்பிக்க விண்ணப்பித்தாள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. “மௌனம் சம்மதம்தானே அக்கா?” என்றாள். பிரெஞ்சு நிர்வாகத்தில் பல இடங்களில் அப்படித்தான். இங்கே தலைகீழ்: 2020 ஜனவரி ஆணைப்படி, ஒரு மாதத்தில் எழுத்தில் பதில் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகப் பொருள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கிழமை, யார் பணம் தருகிறார்கள் என்று எல்லாம் எழுதி மறுபடி கொடுக்கச் சொன்னேன். தேதி முத்திரையோடு ரசீதும் வாங்கச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் ஊழியர்களுக்கான நெறிமுறை ஆலோசகரிடம் கேட்கலாம். 2016 முதல் ஒவ்வொரு ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு, கேட்பதும் ரகசியமாகவே இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் 2023 ஜூன் முதல் அப்படி ஓர் ஆலோசகர் இருக்கிறார். அவரை அழைக்கும் எண்ணைப் பெரும்பாலோர் குறித்துக்கூட வைப்பதில்லை.

அனுமதி வரும்வரை அவள் அந்த வகுப்பை இலவசமாக நடத்தினாள். லாப நோக்கமில்லாத இடத்தில் தொண்டாகச் செய்வதற்கு அனுமதி தேவையில்லை. அனுமதி வந்ததும் பக்கத்து ஊர்த் துணை மேயர், அந்த முதல் மாதத்துக்கும் சேர்த்துப் பின்தேதி போட்டுப் பணம் கொடுத்துவிடலாமே என்று நல்ல எண்ணத்தில் கேட்டாராம். கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அந்த ஆணை அவருக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.